குளிகையில் கட்டாத வரி

செய்யாத தப்புக்கு ஒரு பெண்ணின் வேலையைப் போக்கியவன் நான். சில வருஷங்களுக்கு முன்பு, பெங்களூரு பொம்மனஹள்ளியில், நானும் என் மைத்துனரும் நடத்தும் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் நடந்தது.

மார்ச் பதினைந்து, செவ்வாய்க்கிழமை. கம்பெனியின் அட்வான்ஸ் டாக்ஸ் கட்டக் கடைசி நாள். கம்பெனி வரியை இணையதளத்தில்தான் கட்ட வேண்டும். வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டு என்னிடம் இருந்தது. கணக்கு பார்க்கும் பெண் மதியம் வந்து, "சார், கட்டிடலாமா?" என்றார். அப்போது குளிகை நேரம். குளிகையில் செய்தது திரும்பவும் நடக்கும் என்பார்கள். வரியை இரண்டு முறை கட்ட யாருக்கு ஆசை? பொறுக்கச் சொன்னேன்.

சாப்பிட்டு வந்தால் தளம் திறக்கவில்லை. திறந்தபோது ராகு காலம்.

"போற பணத்துக்கு எதுக்கு மாமா முகூர்த்தம்? கல்யாணமா பண்றோம்?" என்றார் மைத்துனர்.

குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டி வர அந்தப் பெண் நாலு மணிக்குக் கிளம்பிவிட்டார். ராகு காலம் முடிந்ததும் நானே உட்கார்ந்தேன். பான் எண் கேட்டது. வருஷா வருஷம் என் சொந்த வரியைக் கட்டிய பழக்கம்; கம்பெனி எண்ணுக்குப் பதில் என் எண்ணை அடித்துவிட்டேன். கம்பெனிப் பணம் என் வரிக்கணக்கில் போய் உட்கார்ந்தது.

அடுத்த மாதம் ஆடிட்டர் கண்டுபிடித்தார். கம்பெனி மறுபடியும் கட்டியது, வட்டியோடு. "யார் கட்டினது?" என்று மைத்துனர் கேட்டபோது, என் வாய் "நம்பரை அடிச்சது அந்தப் பொண்ணுதான்" என்றது.

"நான் நாலு மணிக்கே போயிட்டேன் சார். ரசீதுல நேரம் இருக்கும், தொறந்து பாருங்க" என்றார் அவர். நான் திறக்கவில்லை. மைத்துனர் என்னை நம்பினார். வேலை போயிற்று.

மறு வருஷம் அந்தப் பணம் ரீஃபண்டாக என் கணக்குக்கே வந்தது. அதற்குமேல் தாங்கவில்லை. மைத்துனரிடம் சொல்லிப் பணத்தைக் கம்பெனியில் போட்டேன். அவர், "ராகுவை ஆகாசத்துல தேடுனோம் மாமா. அவரு உங்க சேர்லதான் உக்காந்திருந்தாரு" என்றார்.

ஞாயிறு மத்தியானம் ஈஜிபுராவில் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். குறைந்த சம்பளத்தில் எங்கோ வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டு, திரும்ப வேலைக்குக் கூப்பிட்டேன். நான் கொண்டுபோன மைசூர் பாக் டப்பாவை அவர் தொடவே இல்லை.

"ஒரு வருஷமா இந்த மன்னிப்பு எங்க இருந்துச்சு சார்?"

பிறகு அவரே, "வர்றேன். ஆனா எல்லார் எதிர்லயும் என்னைத் திட்டுனாங்க. எல்லார் எதிர்லயும் நீங்க சொல்லணும். பாஸ்வேர்டும் எங்கிட்ட இருக்கணும்" என்றார்.

சொன்னேன். திரும்ப வந்தார், இழந்த சம்பளத்தோடு. இப்போது கணக்குப் பிரிவில் யார் புதிதாகச் சேர்ந்தாலும், "மொதல்ல பெரிய சார்கிட்ட அந்தக் கதையைக் கேட்டுட்டு வாங்க" என்று என்னிடம் அனுப்பிவிடுகிறார்.

பிற்பாடுதான் காலண்டரைப் பார்த்தேன். ஈஜிபுராவில் நான் மன்னிப்புக் கேட்ட நேரம் குளிகை. திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், இதோ உங்களிடமும். ஒவ்வொரு முறையும் மனசு கொஞ்சம் லேசாகிறது என்பதால், அந்த நேரத்தைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.