சூரை முளைத்த மூலை

ராசிபுரம் பக்கம் எங்கள் கடலைக்காட்டில் புல் பூண்டு மிஞ்சாது. வரப்பில் ஒரு முள் தலைகாட்டினாலும் என் வீட்டுக்காரர் அன்றைக்கே அரிவாளோடு போய்விடுவார். ஆனால் கிழக்கு மூலைச் சூரைப் புதரை மட்டும் விட்டுவைத்திருந்தார். அது பக்கத்து வேம்பின் மேல் சாய்ந்து, கிளை கிளையாகப் பிடித்து ஏறி, பாதி மரத்தை மூடிவிட்டது. சூரை முள் பின்பக்கமாக வளைந்திருக்கும். உள்ளே போகிறவளை விட்டுவிட்டு, திரும்புகிறவளைப் பிடிக்கும். அந்தப் பக்கம் போய் என் முந்தானை கிழியாமல் வந்ததில்லை. "இந்தச் சனியனை வெட்டுனா என்னங்க?" என்று கத்துவேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளமாட்டார். ஒருமுறை நானே ஒரு கிளையை வெட்டினேன். அடுத்த மழைக்கு அதே இடத்தில் நாலைந்து தளிர் விட்டது.

தை மாதம் அதன் பழம் மிளகைவிடச் சற்றுப் பெரிதாக, கறுகறுவென்று பழுக்கும். திட்டிக்கொண்டேதான் தின்பேன். அந்தப் புளிப்பு நாக்கை விடாது.

என் முதல் குழந்தையும் அந்தக் காட்டில்தான் இருக்கிறாள். பிறந்த அன்றே போய்விட்டாள். புதைத்த இடத்தைப் பெற்றவளுக்குச் சொல்லமாட்டார்கள். சொன்னால் அங்கேயே போய் உட்கார்ந்துவிடுவாளாம். எத்தனையோ முறை கேட்டு அழுதேன். அவர் வாயைத் திறக்கவில்லை. டிராக்டர் உழும்போதெல்லாம் பின்னாலேயே போய்ப் புரண்ட மண்ணைப் பார்ப்பேன். அவள் மேல்தான் நடக்கிறேனோ என்று பயந்து பயந்தே இத்தனை வருடம் நடந்தேன்.

போன வருடம் கோழிப்பண்ணைக்கு இடம் சமன்படுத்த ஜேசிபி வந்தது. "அக்கா, அந்தச் சூரையையும் எடுத்தரட்டுங்களா?" என்றார் டிரைவர்.

"வேரோட எடுங்க தம்பி, பீடை ஒழியட்டும்" என்றேன்.

வண்டி அந்தப் பக்கம் திரும்பியதும், தண்ணீர்த் தொட்டியருகே நின்ற வீட்டுக்காரர் செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"அதை உட்ருங்க."

பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "நாய் தோண்டிரக்கூடாதுன்னு பாப்பா மேல சூரை முள்ளு வெட்டிப் போட்டேன். பழம் இருந்ததைப் பாக்கலை. அதுதான் மொளச்சிருச்சு."

நாக்கில் அந்தப் புளிப்பு ஏறியது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கோழிக்கொட்டகை அந்த மூலையை விட்டுத் தள்ளித்தான் நிற்கிறது. சாயந்தரம் போனால் முள் வழக்கம்போல முந்தானையைப் பிடிக்கிறது. இப்போது வெடுக்கென்று இழுப்பதில்லை. ஒவ்வொரு முள்ளாக எடுத்துவிட்டு, "வாரேன் சாமி" என்று பாப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்புகிறேன்.