கறுப்பு நாற்காலிக்கு முதுகு காட்டியவர்கள்

லோர்னா வ்ரேபெல். பிறப்பு 1957 பிப்ரவரி 9, ஒஹாயோ மாநிலம், மார்லோ கிரீக். முப்பத்தோரு ஆண்டுகள் பள்ளிப் பேருந்து ஓட்டினார். 2009 முதல் ஹெரன்ஸ் (நாரைகள்) என்னும் கீழ்நிலை லீக் அணியின் பேஸ்பால் மைதானத்தில், பதினான்காம் பிரிவில், வருபவர்களுக்கு இருக்கை காட்டும் பணி. திருமணம் செய்துகொள்ளவில்லை. உடன்பிறந்தவர் ஒருவரே: எம்மெட், பிறப்பு 1949. வியட்நாம் போரில், 1971 மார்ச் 18 அன்று லாவோஸ் எல்லையில் காணாமற்போன ஹெலிகாப்டரில் எம்மெட் இருந்தார். அரசுக் கோப்பில் இன்றுவரை அவர் காணாமற்போனவர், இறந்தவர் அல்லர்.

திரும்பி வராத படைவீரர்களுக்காக 2014-இல் மைதானத்தில் ஒரு கறுப்பு நாற்காலி பொருத்தப்பட்டது. இடப்பக்கம், மூன்றாம் பேஸ் அருகே, பதினான்காம் பிரிவின் முதல் வரிசையில், நீல நாற்காலிகளின் ஓரத்தில் அது இருக்கிறது. அதற்குச் சீட்டு விற்பதில்லை. அதில் எவரும் அமர்வதும் இல்லை. மற்ற நாற்காலிகளை லோர்னா ஈரத்துணியால் ஒரே இழுப்பாகத் துடைத்துப் போவார். கறுப்பு நாற்காலிக்கு மட்டும் சட்டைப்பையில் தனியாக ஓர் உலர்ந்த துணி வைத்திருந்தார். அது யாருக்காக என்று அவர் எவரிடமும் சொன்னதில்லை. ஊர் சிறியது, சொல்ல வேண்டியிருக்கவில்லை.

2023 மே மாதம், அணியின் விளம்பரப் பொறுப்புக்குப் புதிதாக வந்திருந்த டேனர் ஆஸ்ட்ரவ்ஸ்கி என்னும் இளைஞர் லோர்னாவைத் தேடி வந்தார்.

“மிஸ் லோர்னா, செல்ஃபி எடுக்க ஆறு நல்ல இடம் வேணும். நீங்கதான் கண்டுபிடிச்சுக் குடுக்கணும்.”

“நானா? என் மூஞ்சிய நானே எடுத்து எத்தனையோ வருஷமாச்சு.”

“ஊர்ல மத்தவங்க மூஞ்சியெல்லாம் நீங்கதானே எடுத்திருக்கீங்க?”

அது உண்மை. குடும்பமாக வருகிறவர்கள் கைபேசியை நீட்டுவது அவரிடம்தான்.

பீர்ப் பெட்டியைத் தோளில் மாட்டியபடி படியேறி வந்த டெல்மர் ஹாட்ச், எழுபத்தோரு வயதுக்காரர், நின்று ஒரு வார்த்தை போட்டார். “இவளை நம்பாதே டேனர். போன வாரம் என்னை எடுத்தா. வயிறு மட்டும்தான் வந்துச்சு, தலையைக் காணோம்.”

“தலைய விட அதுதான் லட்சணமா இருந்துச்சு, டெல்மர்.”

தேர்ந்தெடுக்கும் இடங்களில் தரையில் இரண்டு மஞ்சள் பாதங்கள் வரைவது திட்டம். பாதங்கள் நோக்கும் திசையில் நின்று கைபேசியை உயர்த்தினால் படம் சரியாக அமைய வேண்டும். லோர்னா பேருந்துத் தடம் வகுப்பவரைப் போல இதைச் செய்தார். ஆட்டத்துக்கு ஓர் இடம் என்று எடுத்துக்கொண்டு, அங்கே தம்மையே படம் எடுத்துச் சோதித்தார். ஆட்டம் நடக்கும்போது போனால் தம் பிரிவை டெல்மரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார். வலப்பக்க வாயிலில் நிற்கும் நாரைச் சிலைக்கு நேர் முன்னே நின்றால் அதன் அலகு தலையிலிருந்து முளைத்ததுபோல் தெரிந்தது. பாதங்களை இடப்பக்கமாகத் தள்ளினார். வலப்பக்கப் புல்சரிவில், வெயில் கூரைக்குப் பின்னே இறங்கும்வரை முகம் கருத்தே விழுந்தது. அங்கே ஏழு மணிக்குமேல்தான் எடுக்க வேண்டும் என்று ஒரு பலகை கேட்டார். மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டின் பின்வலையருகே கைபேசி முகத்தை விட்டுவிட்டு வலையைத் தெளிவாகக் காட்டியது; வலைக்கும் தமக்கும் இடையே இரண்டடி கூட்டினார்.

ஐந்து இடங்கள் முடிந்ததும் படங்களை டேனரின் அறையில் பெரிய திரையில் போட்டுப் பார்த்தார்கள்.

“இதென்ன, அஞ்சு படத்துலயும் உங்க தோளுக்குப் பின்னாடி அந்தக் கறுப்பு நாற்காலி வருதே?”

லோர்னா அப்போதுதான் கவனித்தார். மைதானத்தின் ஐந்து மூலைகளிலிருந்து எடுத்த ஐந்து படங்கள். எதிலும் அவர் அதைக் குறி வைக்கவில்லை. நீல வரிசையின் ஓரத்தில் அது ஒவ்வொன்றிலும் இருந்தது.

டேனர் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கினார். நாற்காலி காலியாக இல்லை. முகம் தெரியவில்லை, குனிந்த தலையும் வளைந்த முதுகும் தெரிந்தன.

“யாரோ உக்காந்திருக்காங்க. வயசான ஆள் மாதிரி இருக்கு.”

“எம்மெட்டுக்கு இப்ப எழுபத்தினாலு,” என்றார் லோர்னா.

டேனர் திரையிலிருந்து திரும்பினார். “மிஸ் லோர்னா, செத்தவங்களுக்கு வயசு ஏறாதே.”

“அவன் செத்துட்டான்னு உனக்கு யாரு சொன்னா?”

மறுநாள் வாயில்கள் திறக்குமுன் டெல்மர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

“டேனர் காட்டின படத்துல இருக்கறது நான்தான் லோர்னா. முட்டி வலி தாங்கல. பெட்டிய இறக்கி வச்சுட்டுச் சும்மா கொஞ்ச நேரம் உக்காந்தேன். நீ அந்தப் பக்கம் ஸ்கோர்போர்டுகிட்ட இருந்தே.”

“இத்தனை நாற்காலி இருக்கே, டெல்மர்.”

“எல்லாத்துலயும் ஆள் இருந்துச்சு. அது ஒண்ணுதான் காலியா இருந்துச்சு. தப்புதான். திட்டணும்னா திட்டு.”

லோர்னா தம் கைபேசியில் ஐந்தாவது படத்தைப் பெரிதாக்கி நீட்டினார். டேனரின் அறையில் எவரும் அதைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கவில்லை. அவர் காலையில் வீட்டு மேசையில் வைத்துப் பார்த்திருந்தார். வாயில்கள் திறக்குமுன், ஆளில்லாத மைதானத்தில் எடுத்த படம் அது. அதே வளைந்த முதுகு.

“அப்ப இது?”

டெல்மர் படத்தையும் அதன் மேலிருந்த தேதியையும் பார்த்தார். “அன்னிக்கு நான் வேலைக்கே வரல. பல்லு புடுங்கப் போயிருந்தேன்.” தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். அதன்பின் அவர் பதினான்காம் பிரிவில் பீர் விற்கும்போது குரலைத் தாழ்த்தியே கூவினார்.

செய்தி ஊரில் பரவியது. அடுத்த இரண்டு ஆட்டங்களில் கறுப்பு நாற்காலியின் முன் கைபேசிகளோடு ஒரு கூட்டம் நின்றது. ஆறாவது இடம் தானாகவே அமைந்துவிட்டது என்று டேனர் மகிழ்ந்தார்.

“அங்க பாதம் வரையக்கூடாது,” என்றார் லோர்னா.

“ஏன்? மரியாதையாத்தானே நிக்கிறாங்க?”

“முதுகு காட்டிக்கிட்டு நிக்கிறாங்க, டேனர். செல்ஃபின்னா அதுதானே? எதோட படம் எடுக்கறோமோ அதுக்கு முதுகு காட்டணும். அவன் பின்னாடி உக்காந்திருப்பான். இவங்க முன்னாடி நின்னு பல்ல இளிப்பாங்க.”

“நீங்களே அஞ்சு தடவை காட்டியிருக்கீங்களே.”

அதே அறையில் அந்தக் கோடைக்கு உதவியாளராக இருந்த எனக்கு, சொன்ன உடனே டேனர் வருந்தியதாகத் தோன்றியது. பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், மாட்டினார். லோர்னா கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“ஆமா, காட்டினேன். இனிமே காட்டமாட்டேன். யாரையும் காட்டவும் விடமாட்டேன். அது முடியாதுன்னா இத வச்சுக்கோ.”

டேனர் அட்டையை அவர் பக்கமே திருப்பித் தள்ளினார். “சரி. பெயிண்ட் டப்பா கீழ இருக்கு. நீங்களே போய் உங்க இஷ்டப்படி வரைஞ்சுக்கோங்க. ஆனா ஆறு இடம்னு போஸ்டர் அடிச்சாச்சு. ஆறு இருக்கணும்.”

ஜூன் 17 பகலில் லோர்னா மண்டியிட்டு ஆறாவது பாதங்களை வரைந்தார். அவை கறுப்பு நாற்காலிக்கு மூன்றடி முன்னே, நடைபாதையில், நாற்காலியை நோக்கியே இருந்தன.

அன்று மாலை வந்தவர்கள் வழக்கம்போல் பாதங்களின்மேல் நின்று கைபேசியை உயர்த்தினார்கள். திரையில் அவர்களுடைய முகமும் பின்னால் விளக்குக் கம்பமும் மட்டுமே விழுந்தன. கையைத் தாழ்த்தியபோது எதிரே நாற்காலி இருந்தது. சிலர் தொப்பியைக் கழற்றினார்கள். வெளியூர் அணியின் சட்டை போட்ட ஒரு பெண் குழப்பத்தோடு லோர்னாவைக் கேட்டார்.

“இங்க எதப் படம் எடுக்கணும்?”

“ஒண்ணும் எடுக்க வேண்டாம், கண்ணு. கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போங்க.”

“யாரை?”

லோர்னா சட்டைப்பையிலிருந்து உலர்ந்த துணியை எடுத்து நாற்காலியின் கையைத் துடைத்தார். அந்தப் பெண் மீண்டும் நாற்காலியைப் பார்த்தார். பாதங்களிலிருந்து பின்னோக்கியே நகர்ந்து போனார்.

அன்றிலிருந்து லோர்னா எந்த ஆட்டத்திலும் தம் பிரிவை விட்டு நகரவில்லை. கை நீட்டினால் நாற்காலியைத் தொடும் தூரத்தில், படியின் ஓரமாக நின்றார். எவரும் அதில் அமரவில்லை. இதை அவரும், டெல்மரும், முதல் வரிசையில் ஆட்டப் பருவம் முழுவதற்கும் சீட்டு எடுத்திருக்கும் இருவரும் என்னிடம் தனித்தனியாக உறுதிப்படுத்தினார்கள்.

மற்ற ஐந்து இடங்களிலும் மக்கள் படம் எடுத்து அணியின் இணையப் பக்கத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அவற்றைத் தொகுக்கும் வேலை அந்தக் கோடையில் எனக்குத் தரப்பட்டது. ஜூன் 17 முதல் செப்டம்பர் 10 வரை வந்தவை 2,306. அவற்றில் கறுப்பு நாற்காலி தெளிவாகத் தெரிபவை 418. அந்த நாற்காலி காலியாக இல்லாதவை 11.