தில்லை அண்ணைக்குப் பித்தளை வேண்டாம்

"அப்பா போயிட்டார், அங்கிள்" என்று தில்லை அண்ணையின் மகன் யூனியன்வில் ஊரில் இருந்து போனில் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. இனி என் ரிவோல்வருக்கு யாரும் நொட்டை சொல்லமாட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவரை அறிந்தவர்கள் இதற்காக என்னைக் கோபிக்கமாட்டார்கள்.

கருமருந்து என்ற பழைய வெடிமருந்தில் சுடும் ரிவோல்வர்களைப் பார்த்து இந்தக் காலத்தில் செய்யப்படும் நகல்களை லைசென்ஸ் எடுத்துச் சேர்ப்பவர்கள் நாங்கள். எங்களுக்குள் அவர் மூத்தவர். எங்கள் சந்தோசத்தைக் கெடுப்பதிலும் அவரை மிஞ்ச ஆளில்லை. வோபர்ன் என்ற ஊரில் நடந்த ஒரு துப்பாக்கிக் கண்காட்சியில் என் ரிவோல்வரை முதன்முதலாக வைத்தேன். அதன் பித்தளை உடலை இரண்டு நாள் மினுக்கியிருந்தேன். மனைவியும் மச்சானும் பார்க்க வந்திருந்தார்கள். அண்ணை குனிந்து பார்த்தார்.

"உது என்ன, குத்துவிளக்கே? அசலுக்கு உடம்பு இரும்பு. குழலில 'கருமருந்து மட்டும்' எண்டு வேற அடிச்சிருக்கு. அந்தக் காலத்தில வேற மருந்தே இல்லை. பிறகு ஆருக்கு உந்த எச்சரிக்கை?"

மச்சான் வாய்விட்டுச் சிரித்தார். நான் அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் சொன்னது முழுக்கச் சரி. அதனால்தான் இன்றைக்கும் கோபம் ஆறவில்லை.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தேன். எலும்பும் தோலுமாகக் கிடந்தார். "முகம் தெளிஞ்சிருக்கு அண்ணை" என்றேன், மரியாதைக்கு.

"பொய் சொல்லாதையும். நான் சாகப்போறன். உம்மட பித்தளையை நான் எப்பவாவது இரும்பெண்டு பொய் சொன்னனானே?"

அந்த நிலையிலும் அந்த வாய் அடங்கவில்லை. கொண்டுபோன தோடம்பழங்களை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

இறுதிச் சடங்கில் எல்லோர் கையிலும் அச்சடித்த ஓர் அஞ்சலித் துண்டுத்தாள் இருந்தது. அதிலிருந்த படத்தில் அவருக்குத் தலைமயிர் கறுத்திருந்தது, முகத்தில் புன்னகை வேறு. 'எவரையும் புண்படுத்தாத மென்மையான உள்ளம்' என்று கீழே போட்டிருந்தார்கள். அவருடைய மனைவி ராணி அக்கா அதை நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி, இது ஆர்? நான் உந்த ஆளைக் கட்டேல்லையே. என்னோட நெடுக சண்டை பிடிச்ச மனுசன் எங்கை?" என்று கேட்டுவிட்டுக் குலுங்கி அழுதார். பிறகு, "உமக்கு அவரில கோவம். நீர் அவரை உள்ளபடி எழுதும். எனக்கு அவர் வேணும்" என்றார்.

அக்கா, எழுதிவிட்டேன். தில்லை அண்ணை பொல்லாதவர். மனம் நோகப் பேசுவார், பேசிவிட்டு வருந்தவும் மாட்டார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கோபம் மட்டும்தான். அதை மினுக்காமல் வைத்திருக்கிறேன்.