தேன்மொழிக்கும் அன்னைக்குத்தான் பொறந்தநாள்

வெயில்ல காஞ்ச முட்டை அட்டையும் பசையும் கலந்த ஒரு வாசனை... இப்பவும் எங்கயாவது அது மூக்குல ஏறுச்சுன்னா நான் நேரா வாடிப்பட்டிக்குப் போயிருவேன்.

எங்க லோக்கல் கேபிள் சேனலோட ஸ்டூடியோ வாசனை அது. ஸ்டூடியோன்னதும் பெருசா நெனைச்சுக்கிறாதீங்க. டெய்லர் கடை மாடியில பத்துக்குப் பத்து ரூம். எதிரொலி வரக்கூடாதுன்னு சுவரு பூரா முட்டை அட்டை ஒட்டியிருப்போம். ரெக்கார்டிங்னா ஃபேன ஆஃப் பண்ணிரணும். மொகத்துல போட்ட பவுடரு வழிஞ்சு கழுத்துக்கு வந்துரும்.

காலேஜ் முடிச்ச கையோட அங்க சேந்தேன். "வரலாற்றில் இன்று"ன்னு ஒரு ப்ரோக்ராம். மொத நாள் சாயங்காலம் ரெக்கார்ட் பண்ணி மறுநா காலைல ஏழு மணிக்குப் போடுவோம். எழுதுறதும் நாந்தான், வாசிக்கிறதும் நாந்தான்.

ஒரே தேதியில ஒரு நாட்டுக்கு விடுதலை கெடைச்சிருக்கும், இன்னொரு பக்கம் பூகம்பத்துல ஊரே போயிருக்கும். ரெண்டையும் ஒரே மூச்சுல வாசிச்சு, "வணக்கம்" சொல்லிட்டு பருத்திப்பால் குடிக்கப் போயிருவேன். அம்புட்டுத்தான் எனக்கு வரலாறு!

அந்த வணக்கத்துக்கு முன்னாடி நம்மூரு ஆளுக குடுக்குற கார்டையும் வாசிக்கணும். மொதல்ல நினைவஞ்சலி, அப்பறம் பொறந்தநாள் வாழ்த்து.

வருசா வருசம் ஜூலை இருபதுக்கு ஒரு நினைவஞ்சலி கட்டாயம் உண்டு. மோட்டார் ரீவைண்டிங் கடை வச்சிருந்த பெரியகருப்பன் அண்ணே குடுப்பாரு. அவரு சம்சாரத்தோட போட்டோ. கல்யாண போட்டோவுல இருந்து தனியா வெட்டி எடுத்தது, ஓரத்துல அவரு சட்டை கொஞ்சம் தெரியும். நானும் நாலு வருசமா, நிலாவுல மனுசன் கால் வச்ச நாள், உலக செஸ் தினம்னு வாசிச்சு முடிச்சு, குரல எறக்கி அந்தக் கார்டையும் வாசிச்சேன்.

அஞ்சாவது வருசம் மகளையும் கூட்டிட்டு வந்தாரு. பேரு தேன்மொழி. ப்ளஸ் டூ படிக்கிற புள்ள. போட்டோவக் குடுத்துட்டு, வண்டிய ஓரமா விடணும்னு அவரு கீழ எறங்குனாரு. அந்தப் புள்ள மெல்ல என் பக்கத்துல வந்து நின்னுச்சு.

"அக்கா... நாளைக்கு என் பேரையும் சொல்லுவீங்களா?"

"எதுக்குமா?"

"எனக்கும் நாளைக்குத்தான் பொறந்தநாள். என்னையப் பெத்த அன்னைக்கே அம்மா போயிட்டாங்க. நீங்க நிலா நியூஸ் சொல்றப்பல்லாம், அடுத்து என் பேரு வருமான்னு டிவி முன்னாடி உக்காந்திருப்பேன்க்கா. அம்மா போட்டோ வரும். அப்பா எந்திரிச்சு உள்ள போயிருவாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்ருச்சு. ஊர்ல இருக்குற புள்ளைகளுக்கெல்லாம் நீட்டி முழக்கி வாழ்த்துச் சொன்னவ நான்... இந்த ஒரு புள்ளைக்கு மட்டும் நாலு வருசமா அழுகுற மியூசிக்கப் போட்டு விட்ருக்கேன்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. அவரு படியேறி வந்ததும் கேட்டுட்டேன். "அண்ணே, புள்ளைக்கும் நாளைக்குப் பொறந்தநாளாம்ல? ஒரு வாழ்த்துப் போடுவமா?"

மொகம் கறுத்துப் போச்சு. "அவ செத்த அன்னைக்கு எப்பிடித் தங்கச்சி கேக்கு வெட்டுறது? ஊரு காறித் துப்பாதா?"

"அண்ணிக்குத் திதி என்னைக்குண்ணே குடுக்குறீக?"

"அது பஞ்சாங்கம் பாத்து, ஆடி வளர்பிறையில. இந்த வருசம் இன்னும் பத்து நாள் கெடக்கு."

"அப்ப அண்ணிக்குன்னு ஒரு நாள் இருக்குல்ல? இந்த இங்கிலீசு தேதியப் புள்ளைக்கு விட்டுக் குடுத்தா என்னண்ணே கொறைஞ்சு போகும்?"

அவரு போட்டோவ எடுத்து சட்டைப் பைக்குள்ள வச்சுக்கிட்டு விறுவிறுன்னு எறங்கிட்டாரு. தேன்மொழி என்னையத் திரும்பிப் பாத்துக்கிட்டே பின்னாடி போச்சு.

சேனல் ஓனர் அண்ணே என்னைய வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு. "வாசிக்கத்தான உன்னைய வச்சிருக்கேன்? பஞ்சாயத்துப் பண்ணவா?" நியாயந்தான். அந்தப் புள்ளைக்கு இருந்த ஒரே வழியையும் அடைச்சுட்டமேன்னு எனக்கு அழுகையே வந்துருச்சு.

ஒரு மணி நேரம் இருக்கும். ஃபேன ஆஃப் பண்ணப் போறோம், கதவு தட்டுற சத்தம். பெரியகருப்பன் அண்ணேதான். வெரலெல்லாம் மோட்டார் காயிலுக்குப் பூசுற வார்னிஷ், கையில நோட்டுல இருந்து கிழிச்ச பேப்பர். அடிச்சு அடிச்சு எழுதியிருந்தாரு.

"எனக்கு இதெல்லாம் எழுதிப் பழக்கமில்ல தங்கச்சி. நீயே பாத்து வாசிச்சிரு."

"அஞ்சலி கார்டுண்ணே?"

"அதத் திதியன்னைக்குப் போட்டுக்குவோம்."

பேப்பரப் பிரிச்சேன். 'எங்கள் மகள் தேன்மொழிக்கு நாளைக்கு பதினேழாவது பிறந்தநாள். நல்லா இருக்கணும். இப்படிக்கு, அப்பா, அம்மா.'

செத்தவங்க பேர வாழ்த்துல போடலாமாங்கிற மாதிரி ஓனர் அண்ணே என் மொகத்தப் பாத்தாரு. நான் போயி கேமரா முன்னாடி உக்காந்துட்டேன். 'நாளைக்கு'ங்கிறத மட்டும் 'இன்னைக்கு'ன்னு மாத்திக்கிட்டேன், மத்ததெல்லாம் அவரு எழுதுனபடியே. நிலா, செஸ், அடுத்து தேன்மொழி... கடைசி வார்த்தையில குரல் ஒடைஞ்சிருச்சு. இன்னொரு டேக் போலாமான்னு கேட்டாங்க. வேணாம்னுட்டேன்.

இப்ப அந்தச் சேனலே இல்ல. வரலாறெல்லாம் விடியுமுன்ன வாட்ஸப் குரூப்புல வந்து கொட்டுது. யாருக்குப் பொறந்தநாள்னு போனே சொல்லிருது, நாமளும் பல்லு வெளக்கிக்கிட்டே 'ஹெச்.பி.டி'ன்னு தட்டி விட்ருறோம். நானுந்தான். இன்னைக்குக் காலைல மட்டும் நாலு பேருக்குப் போட்டேன். அதுல ரெண்டு பேரு மொகமே ஞாபகத்துல இல்ல.

தேன்மொழிக்கு மட்டும் கூப்ட்டுப் பேசிருவேன், எந்த வருசமும் விட்டதில்ல. இப்ப மதுரையில நர்ஸா இருக்கு. இன்னைக்கும் கூப்ட்டேன். வாழ்த்துச் சொல்லிட்டு, "அப்பா என்ன சொன்னாரு?"ன்னு கேட்டேன்.

"ஆறு மணிக்கே மெசேஜ் அனுப்பிட்டாருக்கா. இப்பவும் கீழ 'அப்பா, அம்மா'ன்னு போட்டுத்தான் அனுப்புறாரு."