சண்முகவடிவு கேட்ட சரிவுப் பாதை

இலங்கை மலையகத்தில் லிந்துலைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் சண்முகவடிவைத் தெரியாதவர் கிடையாது. கொழுந்து மூட்டையோடு சறுக்கி விழுந்து முதுகெலும்பு போய்ப் பதினொரு வருடமாகிறது. இப்போது வயது முப்பத்தாறு. சக்கர நாற்காலியில் இருந்தபடியே இருபத்து மூன்று பேரைக் கட்டி மேய்க்கிறாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! கண் தெரியாதவர், கால் இழந்தவர், காது கேளாதவர் என்று சுற்றுவட்டத் தோட்டங்களில் உள்ளவர்கள் தங்களுக்குத் தாங்களே நடத்தும் சங்கம் அது. வடிவு அதற்குச் செயலாளர்.

சங்கம் என்றதும் கட்டடம், பெயர்ப்பலகை என்று நினைக்க வேண்டாம். ஒரு வாட்ஸப் குழு, மாதத்துக்கு ஒரு கூட்டம், அவ்வளவுதான். கூட்டம் எப்போதும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், வடிவின் வாசலில்தான் நடக்கும். ஏனென்றால் அவளால் இறங்கிப் போக முடியாது. வாசலிலிருந்து ரோட்டுக்கு எட்டடி இறக்கம், மழை பெய்தால் ஒரே சேறு. ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்க வேண்டும். தூக்குகிறவர்களுக்கு லீவு கிடைக்கிற நாளாகப் பார்த்துத்தான் அவளுக்குக் காய்ச்சலும் வர வேண்டும்!

ஒவ்வொரு கூட்டத்திலும் அவள் தொண்டை வறளக் கத்துவது ஒன்றுதான்.

"யாரு என்னா பேப்பர் நீட்டுனாலும் வாசிக்காம கையெழுத்து வைக்காதீங்க. நமக்கு என்னா வேணும்னு நாமதான் சொல்லணும்."

அப்படிக் கத்தியவள்தான் வாசிக்காமல் கையெழுத்து வைத்தாள்.

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் செல்லசாமி ஒரு நாள் பேப்பரோடு வந்தார். "பாதை வருது வடிவு! ஒங்களுக்குன்னே நான் பேசி எடுத்திருக்கேன்" என்றார். பாதை என்ற சொல் காதில் விழுந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கையெழுத்தைப் போட்டாள். அன்றைக்கே கேசரி கிண்டி லயம் முழுக்கக் கொடுத்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் சீமெந்தும் மணலும் வந்து இறங்கின. மேசன் கிஷாந்த் நூல் பிடித்துக்கொண்டிருந்தான். வாசலிலிருந்து பார்த்த வடிவுக்குச் சந்தேகம் தட்டியது.

"என்னா தம்பி, நூலைக் குறுக்கால குறுக்கால கட்டுற?"

"படிக்குத்தான் அக்கா. பதினாறு படி, ரெண்டு பக்கமும் கம்பி. மாற்றுத்திறனாளிகளுக்குன்னு பேப்பர்லயே போட்டிருக்கே. கீழ ஒங்க கையெழுத்தும் இருக்கு."

அடக் கடவுளே! சக்கர நாற்காலிக்காரிக்குப் படிக்கட்டு! வடிவுக்கு அழுகை ஒரு பக்கம், தன்மேலேயே ஆத்திரம் ஒரு பக்கம். போனை எடுத்துக் குழுவில் பேசினாள்.

"நான் வாசிக்காம கையெழுத்து வச்சிட்டேன். திட்டுறவங்க திட்டிக்குங்க. ஆனா நாளைக்குக் காலையில வந்துருங்க. எட்டரைக்கு மேனேஜர் தொரை வந்து வேலை தொடங்கத் தேங்கா ஒடைக்கிறாரு. அதுக்கப்புறம் கொங்கிரீட் விழுந்துருச்சின்னா, என் காலம் முடியிற வரைக்கும் நான் இந்த வாசல்லதான்."

ஒருவரும் திட்டவில்லை. மறுநாள் ஏழு மணிக்கெல்லாம் ஒன்பது பேர் மலையேறி வந்துவிட்டார்கள். கொத்மலையிலிருந்து ஊன்றுகோலோடு தெரேசா முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள். கண் தெரியாத நிரஞ்சன் வந்ததும் வராததுமாக, "கயிறு எங்க?" என்றான்.

எங்கேயோ ஒரு பயிற்சியில் கேட்டது அவனுக்கு மனப்பாடம்.

"சக்கர நாற்காலி போற சரிவுப் பாதைன்னா, ஒரு அடி எறக்கத்துக்குப் பன்னெண்டு அடி நீளம் வேணும். எட்டடின்னா தொண்ணூத்தாறு அடி. நேரா விட்டா காணாது. ரெண்டு எடத்துல வளைக்கணும்."

தெரேசா ஊன்றுகோலை நட்டு நட்டுக் கயிற்றை இழுத்தாள். நிரஞ்சன் அடிக்கு ஒன்றாகப் போட்ட முடிச்சுகளைக் கையால் தடவித் தடவி எண்ணினான். வளைவு போகும் வழியில் பத்தொன்பது தேயிலை மரங்கள் நின்றன. கயிறு அங்கேயே நின்றது. துரை சொல்லாமல் ஒரு தேயிலை மரத்தில் கை வைக்க அந்தத் தோட்டத்தில் எவருக்கும் தைரியம் வராது.

எட்டரைக்குத் துரையின் ஜீப் வந்தது. கொழுந்துக்குப் போகிற பெண்கள் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள். செல்லசாமி செவ்வந்தி மாலையை வடிவின் கையில் திணித்தார்.

"தொரைக்குப் போட்டு நன்றி சொல்லு."

யாருக்கு வேலை நடக்கிறதோ அவர்தான் மாலை போட வேண்டும், அது தோட்டத்து வழக்கம். துரையும் அவள் உயரத்துக்குக் கழுத்தைத் தாழ்த்தினார். மாலை வரவில்லை.

"தொரை, மாலைக்கு முன்னுக்கு ஒரு விசயம்."

"ஏய் வடிவு, மானத்த வாங்காத" என்று பல்லைக் கடித்தார் செல்லசாமி. விட்டால் போச்சு என்று அவள் கேட்டேவிட்டாள்.

"இந்தப் படியில நான் எப்படிங்க எறங்குறது?"

துரை நூலைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். அவருக்கே முகம் சுண்டிப்போயிற்று.

"அப்ப என்னா செய்யணும் தலைவர்?"

இருபது வருடமாக எல்லோருக்குமாகப் பதில் சொன்ன வாய் செல்லசாமியுடையது. அவர் வடிவின் பக்கம் திரும்பினார்.

"எனக்குத் தெரியல தொரை" என்றார். "அவங்களையே கேளுங்க."

வடிவு மடமடவென்று சொன்னாள். தொண்ணூற்றாறு அடி, இரண்டு வளைவு, பத்தொன்பது மரம்.

"பத்தொம்பது மரமா!" என்று துரை தலையில் கை வைத்தார்.

கூட்டத்திலிருந்து வேலாயி கூவினாள். "அது வெளங்காத மூலைங்க தொரை! நாள் பூரா நின்னாலும் ஒரு கை கொழுந்து தேறாது. போனா போகட்டும்!" மற்றப் பெண்களும் சேர்ந்து கத்த, துரை சிரித்துவிட்டார்.

"சரி, எடுங்க. கூடுதலாத் தேவைப்படுற கல்லு மணல நான் தாறேன். பேப்பரையும் மாத்தச் சொல்றேன்."

நிரஞ்சன் விசில் அடித்தான். தெரேசா ஊன்றுகோலைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். வடிவு மாலையை யாருக்குப் போட்டாள் என்று நினைக்கிறீர்கள்? செல்லசாமியைக் கிட்டக் கூப்பிட்டு, "எங்களையே கேக்கச் சொன்னீங்களே, அதுக்கு" என்று அவர் கழுத்தில் போட்டாள். மனுஷன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கிஷாந்த் படிக்குக் கட்டிய நூலையெல்லாம் சுருட்டினான். சுண்ணாம்பு டின்னைத் தூக்கிக்கொண்டு, துரையையும் தலைவரையும் தாண்டி, நேரே வடிவிடம் வந்தான்.

"அக்கா, பாதைக்குக் கோடு எங்கருந்து போடட்டும்?"

"இந்தா" என்றாள் அவள். "என் சக்கரம் நிக்கிற எடத்துலருந்து."