ஆண் தேனீக்கள் செத்துக் கிடந்த வாசல்

இன்று காலை எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம்: கார் நிறுத்துமிடத்தில் செத்துக் கிடக்கும் தேனீக்கள், எல்லாம் கறுத்துத் தடித்தவை. கீழே செயலாளர் சாரின் உத்தரவு, ‘நாளை மருந்தடிக்க ஆள் வருகிறார்.’ ‘அடிச்சுத்தான் பாருங்களேன்’ என்று பதில் போட்டுவிட்டுத்தான் காபியே குடித்தேன். என் வாய் அப்படி. தேனீ விஷயத்தில் அது இருபது வருஷமாக அடங்கியதில்லை.

அப்போது மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. தேறியது ஒரு டிரே, தேறாதது ஒரு டிரே. எவ்வளவு சோப்புப் போட்டாலும் விரலில் ஆயில் வாடை போகாது. குடியிருந்தது கோவிலம்பாக்கத்தில், தேவகி அக்கா வீட்டில். நெல் விளைந்த சொந்த நிலத்தில் நாலு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார் அக்கா. அவருடைய கொல்லையில் நான் ஒரு தேனீப் பெட்டி வைத்திருந்தேன்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் பெட்டிக்கு முன்னால் கை கொள்ளாத அளவுக்குத் தேனீக்கள் செத்துக் கிடந்தன.

“இன்னாம்மா இது, பொணமா கெடக்குது? ஏதோ சீக்கு. புள்ளைங்க ஓடியாடற எடம். சாயங்காலத்துக்குள்ள கொளுத்திடு. இல்லாங்காட்டி வேற வூடு பாத்துக்கோ” என்றார் அக்கா.

“கொளுத்த முடியாதுக்கா. வேணும்னா என்னையும் சேத்துக் கொளுத்துங்க.”

வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, உங்களிடம் சொல்வதற்கென்ன, அவை ஏன் செத்தன என்று எனக்கே தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் கொசு மருந்து அடித்ததுதான் காரணம் என்று நினைத்து, காம்பவுண்டு மேலே எட்டி அவரை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். அவர் ஊருக்குப் போய் நாலு நாளாகியிருந்தது. நான் திட்டியது பூட்டிய கதவை.

லீவு போட்டுவிட்டு, எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். பேப்பரை விரித்துச் செத்தவற்றைத் தரம் பிரித்தேன். எல்லாம் ஒரே ரகம்: கறுத்துத் தடித்த உடம்பு, தலை முழுக்கக் கண், கொடுக்கு கிடையாது. அத்தனையும் ஆண். மருந்து என்றால் வெளியே போய்த் தேன் சேர்க்கும் பெண்கள், அதாவது வேலைக்காரத் தேனீக்கள்தானே நாக்கை நீட்டிக்கொண்டு விழும்? அதில் ஒன்றுகூட இல்லை. நிமிர்ந்து பார்த்தால், பெட்டி வாசலில் இரண்டு வேலைக்காரத் தேனீக்கள் ஓர் ஆணின் இறக்கையைக் கவ்வி வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. மழையில் பூ இல்லை, தேன் குறைவு, உட்கார்ந்து தின்பவனுக்குச் சோறு கிடையாது. பூக்கும் காலம் வந்தால் புதிதாக ஆண்களை வளர்த்துக்கொள்ளும். சீக்குமில்லை, ஒரு மண்ணுமில்லை.

தள்ளப்பட்டதை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தேன்.

“ஐயோ, கொட்டும்!”

“கொட்டாதுக்கா. ஆம்பளை. கொடுக்கே கெடையாது.”

அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சும்மா துன்னுகினு இருந்தா தள்ளிடுதுங்களா? கெட்டிக்காரிங்கதான்.” பெட்டி பிழைத்தது.

அப்புறம் இரண்டு மழைக்காலத்திலும் அதே மாதிரி பிணம் பெருக்கினேன். அதற்கடுத்த கோடையில், பூக்கிற நேரம் பார்த்து, தெருவை அகலமாக்குகிறோம் என்று, என் தேனீக்களுக்குத் தேன் தந்த புங்க மரங்களை வெட்ட வந்தார்கள். குறுக்கே நின்று கத்தினேன். “ஓரமா போம்மா” என்றார்கள். ஒரு மரம் மிஞ்சவில்லை.

அந்த மழைக்குப் பெட்டி வாசல் சுத்தமாக இருந்தது. “இந்த வாட்டி ஒண்ணுகூட சாவல, பாத்தியா!” என்று அக்காவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. தள்ளிவிட ஆண்கள் இருந்தால்தானே சாவதற்கு? அவற்றை வளர்க்கிற அளவுக்கு அந்த வருஷம் அங்கே பூவே இல்லை. தை பிறப்பதற்குள் மிச்சத் தேனீக்களும் பெட்டியை விட்டுப் போய்விட்டன. வெட்டியவர்களை நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பதாகவும் இல்லை.