புதன்கிழமை பஸ்ஸில் முதலாளி

முதலில் கண்ணில் பட்டது அந்த ஷூதான். பழுப்பு நிறம், முகம் பார்க்கலாம்போலப் பாலிஷ். ஆம்பூரில் நான் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்த ஷூ கம்பெனியின் பஸ்ஸில், ஷூ போட்ட கால் ஒன்று ஏறியது அன்றைக்குத்தான். ஊர் உலகத்துக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்புகிற நாற்பது பெண்களும் ரப்பர் செருப்பில்தான் வருவோம். கண்ணை உயர்த்தினால் எங்கள் முதலாளி. பள்ளிகொண்டா தாண்டி அவருடைய கார் நின்றுபோய்விட்டது. ரோட்டோரம் நின்றவரை டிரைவர் அண்ணன் அடையாளம் கண்டு பஸ்ஸை ஓரம் கட்டியிருந்தார்.

ஏறியவர் கண்ணில் பட்ட காலி சீட்டில், இரண்டாவது வரிசை ஜன்னலோரம், உட்கார்ந்துவிட்டார். அது செக்கிங் அக்காவின் சீட்டு என்று அவருக்கு எப்படித் தெரியும்? தைத்து முடித்த ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு தையல் விலகியிருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது அக்காவின் வேலை. பதினோரு வருடமாக அதைச் செய்து, உலகத்தில் எதைப் பார்த்தாலும் எங்கே விலகியிருக்கிறது என்று தேடுகிற கண் அவருக்கு வந்துவிட்டது. ஆனால் முதலாளியை மட்டும் அவர் கிட்டத்தில் பார்த்ததேயில்லை. முதலாளியின் கார் நுழைவது வேறு கேட். அவர் அறைக்கு ஏறுவது வேறு படிக்கட்டு.

மாதனூரில் ஏறிய அக்கா டிபன் பையோடு அவர் முன்னால் போய் நின்றார்.

“கொஞ்சம் எழுந்திருங்க சார். இது நம்ம சீட்டு.”

முதலாளி எழுந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆம்பூர் வரைக்கும் நின்றே வந்தார். மூன்று சீட் பின்னால் இருந்த நான் போய் அக்காவின் காதில் ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். போடவில்லை. வெளியே தென்னந்தோப்பில் ஏதோ அதிசயம் நடப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்பெனி வாசலில் காவலாளி பஸ்ஸைப் பார்த்து சல்யூட் அடித்தபோதுதான் அக்காவுக்குச் சந்தேகம் வந்தது. “யாருடி அந்த ஆளு?” என்று என்னைக் கேட்டார். சொன்னேன். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

“அப்ப நான் இப்படியே இதே பஸ்ல வீட்டுக்குப் போய்டட்டா?”

மெமோ வரும் என்று மூன்று நாள் காத்திருந்தோம். வரவில்லை. அடுத்த புதன்கிழமை முதலாளியே வந்தார். கார் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பள்ளிகொண்டாவில் நிறுத்திவிட்டு பஸ் ஏறினார். என்னைக் கூப்பிட்டுக் காரணமும் சொன்னார். முந்தைய வாரம் நின்றுகொண்டு வந்தபோது அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்களாம், தையல் பிரிவு கழிப்பறைக் கதவில் மூன்று மாதமாகத் தாழ்ப்பாள் இல்லை என்று. மாதாமாதம் நடக்கும் கூட்டத்தில் யாரும் அவருக்கு அதைச் சொன்னதில்லை. இனி வாரம் ஒரு நாள் தொழிலாளர்களோடு பயணம் செய்து குறை கேட்கப் போகிறேன் என்றார். தாழ்ப்பாள் அன்றைக்கே போட்டாயிற்று.

நல்ல மனசுதான். ஆனால் எங்கள் பஸ் செத்துப்போனது. அதுவரை அந்த முக்கால் மணி நேரம்தான் பெண்களுக்கு நாளில் சொந்தமானது. ஒருத்தி பூ கட்டுவாள், ஒருத்தி நேற்றைய சீரியல் கதை சொல்லுவாள், ஒருத்தி பக்கத்துத் தோளில் சாய்ந்து தூங்குவாள். மீதிப் பேர் கம்பெனியைத் திட்டுவார்கள். புதன்கிழமைகளில் இதெல்லாம் நின்று, பரீட்சை ஹால் மாதிரி ஆகிவிட்டது. “எல்லாரும் எப்படிம்மா இருக்கீங்க?” என்று அவர் கேட்பார். “நல்லாருக்கோம் சார்” என்று நாற்பது குரலும் ஒன்றாகச் சொல்லும். பிஸ்கட் அட்டைப்பெட்டியோடு வந்து ஆளுக்கொரு பாக்கெட் கொடுத்தார். பிரிக்க வெட்கப்பட்டு எல்லாரும் அதைப் பிரசாதம்போலக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தோம். சினிமாப் பாட்டு போடுகிற டிரைவர் அண்ணன் புதன்கிழமைக்கென்று பக்திப் பாட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

புதன்கிழமைகளில் லீவு கூடியது. முதலாளி ரெஜிஸ்டரைப் பார்த்துவிட்டு, “புதன்கிழமை மட்டும் ஏன் லீவு ஜாஸ்தி?” என்று கேட்டார்.

“சந்தை சார்.”

“எந்த ஊர்ல?”

“ஏதோ ஒரு ஊர்ல சார்.”

இதற்குமேல் தாங்காது என்று பெண்கள் கூடிப் பேசி, அவரிடம் சொல்லும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். “நீ படிச்ச பொண்ணு. இங்கிலீஷ்ல சொல்லு, கோவம் வராது” என்றார் அக்கா. நான் இரண்டு வாரம் மனப்பாடம் செய்தேன். அவர் முன்னால் போய் நின்றால் ‘குட் மார்னிங்’ தாண்டி எதுவும் வரவில்லை. கடைசியில் ஒரு புதன்கிழமை அக்காவே எழுந்தார்.

“சார், ஒண்ணு சொல்லலாமா? நீங்க வர்றது சந்தோஷம்தான். ஆனா நீங்க இருந்தா உங்கள எப்படி சார் திட்றது?”

டிரைவர் அண்ணன் பக்திப் பாட்டை நிறுத்தினார். முதலாளி மெதுவாகத் திரும்பினார்.

“தினமும் திட்றீங்களா?”

“தினம்னு சொல்ல முடியாது சார். ஓவர்டைம் போட்டா ஜாஸ்தி. மத்த நாள்ல கம்மிதான்.”

“இன்னான்னு திட்டுவீங்க?”

அக்கா கொஞ்சம் யோசித்து, நல்ல வார்த்தைகளை மட்டும் பொறுக்கியெடுத்துச் சொன்னார். எட்டரைக்குக் கேட் மூடினால் அப்புறம் மத்தியானம்தான் திறக்கும், அரை நாள் சம்பளம் போய்விடும். பஸ் கம்பெனியுடையது, தாமதமும் பஸ்ஸுடையது. அரை நாள் மட்டும் பெண்களுடையதா? முதலாளி ஒழுக்கம், கட்டுப்பாடு என்று ஏதோ ஆரம்பித்தார். அவருக்கே பாதியில் அலுத்துப்போய் நிறுத்திக்கொண்டார்.

அடுத்த புதன்கிழமை ஹைவேயில் ஒரு லாரி குறுக்கே படுத்துவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எட்டே முக்கால். கேட் மூடியிருந்தது. காவலாளி பட்டாளத்தில் இருந்து வந்தவர். ஸ்டாஃப் நுழையும் சின்னக் கதவை மட்டும் திறந்து, “சார், நீங்க வாங்க” என்றார்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நானும் ஸ்டாஃப். அதே பஸ்ஸில் அதே தாமதத்தில் வந்தாலும் அந்தச் சின்னக் கதவு எனக்குத் திறக்கும். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, வெளியே நிற்கிறவர்களுக்கு அரை நாள் என்று எழுதுவதே நான்தான். அன்றைக்கும் பழக்கதோஷத்தில் என் கால் கதவை நோக்கி இரண்டு அடி வைத்தது. முதலாளி நகரவில்லை. அதைப் பார்த்துத்தான் நானும் நின்றேன். நின்றது நல்ல குணத்தால் இல்லை, அவருக்கு முன்னால் போக முடியாததால்.

“பெரிய கேட்டத் திற” என்றார் முதலாளி.

எட்டரைக்கு மேல் கேட் திறக்கக் கூடாது என்று கேட்டில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காவலாளி காட்டினார். கீழே முதலாளியின் கையெழுத்து. “எழுத்துல குடுத்தீங்க சார். வாபஸும் எழுத்துல குடுத்தா நல்லாருக்கும். நாளைக்கு யாராவது என்னக் கேப்பாங்க.”

முதலாளியின் சட்டைப்பையில் பேனா இல்லை. அக்கா பையைத் துழாவி, தோலில் குறி போடுகிற சில்வர் பேனாவை எடுத்தார். கம்பெனிப் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று இன்னொரு காகிதமும் அதே கேட்டில் ஒட்டியிருந்தது. யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. முதலாளி பிஸ்கட் அட்டைப்பெட்டியைக் கிழித்து, அக்காவின் டிபன் பாக்ஸ்மேல் வைத்து, பஸ் தாமதமானால் யாருக்கும் அரை நாள் பிடித்தம் கிடையாது என்று வெள்ளி எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். காவலாளி இரண்டு தடவை படித்தார்.

“தேதி போடல சார்.”

தேதியும் போட்ட பிறகு கேட் திறந்தது.

அதற்குப் பிறகு அக்கா அவரோடு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார். மாதத்தில் ஒரு புதன்கிழமை போதும், முன்னாடியே சொல்லிவிட்டு வர வேண்டும். மற்ற நாளெல்லாம் பஸ் எங்களுடையது. அவர் வருகிற நாளிலும் பெண்கள் மெல்ல மெல்லப் பழைய குரலுக்கு வந்துவிட்டார்கள். அவர் முன் சீட்டில் இருக்கும்போதே பின்னால் ‘அந்த ஆளு’ என்று பேச்சு நடக்கும். “அது நான் இல்லம்மா, பர்ச்சேஸ் மேனேஜர்” என்று திரும்பாமலே பதில் வரும்.

இதனால் அவர் ஏழையாகவோ அக்கா பணக்காரியாகவோ ஆகிவிடவில்லை. அவர் காரில் வீடு போனார், அக்கா ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குத் திரும்பினார். ஆனால் எதிரெதிரே வந்தால் இரண்டு பேருக்கும் பேச ஒரு விஷயம் இருந்தது. நான் இப்போது ராணிப்பேட்டையில் வேறு கம்பெனியில் இருக்கிறேன். இந்தக் கம்பெனி முதலாளி எந்த ஊரில் இருக்கிறார் என்றே இங்கே யாருக்கும் தெரியாது. திட்டுவதற்குக்கூட ஒரு முகம் இல்லை.

போன மாதம் ஆம்பூர் முதலாளிக்கு முழங்கால் ஆபரேஷன் என்று அக்கா போன் செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரைவர் அண்ணன் எங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு வேலூரில் அவர் வீட்டு முன்னால் பஸ்ஸை நிறுத்தினார். மூன்று பேர் உட்காருகிற சோபாவில் ஆறு பேர் உட்கார்ந்தோம். மீதிப் பேர் கம்பளத்தில். அவர் மனைவிக்கு எங்களிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. சாத்துக்குடி ஜூஸ் வந்தது, குடித்தோம். கடைசியில் அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்.

“பஸ்ல இவரு உங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு குடுக்கலையே?”

“ஒரு குறையும் இல்லம்மா” என்றார் அக்கா. “தூங்கிட்டா கொறட்டதான் கொஞ்சம் ஜாஸ்தி.”

அந்த அம்மா ஜூஸ் தட்டைக் கீழே வைத்தார். அக்கா பக்கத்தில் கம்பளத்தில் வந்து உட்கார்ந்தார். “இங்க முப்பது வருஷமா அதேதாம்மா” என்று ஆரம்பித்தவர் ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை.

முதலாளி எதிரிலிருந்த கட்டிலில் கண்ணை மூடித் தூங்குவதுபோலப் படுத்திருந்தார். குறட்டை மட்டும் வரவில்லை.